இது என்ன செய்யும், தாத்தா?

டிசம்பர் பிறந்துவிட்டால் சிறுசேரியில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வரும். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் வாரத்தில் குழந்தைகளுக்குப் பரிசுப் பரிமாற்றம் நடைபெறும் என்பதே அது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பெயர் வருகிறதோ அந்தக் குழந்தைக்கு அவ்வீட்டார் பரிசு வாங்க வேண்டும். நிபந்தனைகள் இரண்டு. விலை 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. பரிசு 'எஜுகேஷனலாக' இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை சென்ற ஆண்டு யாரோ முன்மொழிந்து சேர்ந்துகொண்டது. எவரும் மறுப்புச் சொல்லவில்லை. கல்வி வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்?

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். மகளும் மருமகனும் சிப்காட் வளாகத்தில் வேலைக்குப் போவதால், பேரனைப் பார்த்துக்கொள்ளவென்று மனைவியோடு இங்கு வந்து சேர்ந்தவன். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை இந்தச் சாலையோரத்து அடுக்ககங்களில் மாலை நேரத்தில் கீழே இறங்கிப் பார்த்தால் என்னைப் போன்ற தாத்தாக்களும் ஆச்சிகளும் ஏராளம். பரிசு வாங்கும் பொறுப்பு இயல்பாகவே எங்கள் தலையில் விழுகிறது. பிள்ளைகளுக்கு நேரமில்லை. எங்களுக்குக் கடையில் எதை எடுப்பதென்று தெரியவில்லை.

குழந்தைகளுக்கு எதைப் பரிசாகக் கொடுக்கலாம் என்பது இலக்கியம் பேசுகிறவர்கள் பேசத்தகாத சிறிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் புலவர்கள் அப்படி நினைக்கவில்லை. அதற்கு வருமுன் என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

*

பேரனுக்கு மூன்று வயது நிறைந்தபோது ஒரு வணிக வளாகத்துக் கடையில் பேசும் பலகை ஒன்றை வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் ஆங்கில எழுத்தையும் அதற்குரிய பொருளின் பெயரையும் சொல்லும். மாட்டுப் படத்தைத் தொட்டால் மாடு கத்தும். சரியாக அழுத்தினால் கைதட்டும். பெட்டியின் மேல் 'மூளை வளர்ச்சி', 'மொழித்திறன்', 'கை–கண் ஒருங்கிணைவு' என்று ஏழெட்டு வாக்குறுதிகள் அச்சிடப்பட்டிருந்தன. விலையைச் சொல்ல மாட்டேன். என் மனைவிக்கு இன்னும் தெரியாது.

முதல் இரண்டு நாள் வீடு முழுக்க மாடு கத்தியது. மூன்றாம் நாள் அவன் எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தான். அது குழம்பி ஓய்ந்தது. உண்மையில் அந்தப் பலகையைக் கொண்டு அவன் செய்த ஒரே சொந்த ஆராய்ச்சி அதுதான். ஒரு வாரத்தில் அது அலமாரிக்கு மேலே போய்விட்டது. மின்கலம் தீரும்வரை, அலமாரியைத் தட்டும்போதெல்லாம் மேலிருந்து ஒரு மாடு தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது என் மனைவி ஒரு பெட்டி மரச் செப்புச் சாமான் வாங்கி வந்தாள். அம்பாசமுத்திரத்துக் கடைசல் வேலை. குடம், உரல், அம்மி, அடுப்பு, தோசைக்கல், சின்னஞ்சிறு கரண்டி. பேரன் உரலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொத்தானைத் தேடுகிறான் என்று புரிந்தது. பிறகு கேட்டான்.

"இது என்ன செய்யும், தாத்தா?"

"ஒண்ணும் செய்யாதுய்யா. நீதான் செய்யணும்."

அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. உரலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் மாலை எங்கள் இருவருக்கும் அவன் தோசை பரிமாறினான். எனக்கு ஒன்று, ஆச்சிக்கு மூன்று. "ஏன்யா எனக்கு மட்டும் ஒண்ணு?" என்றேன். "உங்களுக்குச் சுகர் இருக்குல்ல" என்றான். அவனுக்கு எண்ணவும் தெரிந்தது, ஒப்பிடவும் தெரிந்தது, வீட்டில் யார் நலம் எப்படி என்று கவனிக்கவும் தெரிந்திருந்தது. அதற்குப் பின் அந்த உரல் ராக்கெட்டின் அடிப்பாகமாகவும், யானையின் காலாகவும், மருத்துவரின் மருந்துக் குப்பியாகவும் இருந்திருக்கிறது. இப்போது அவனுக்கு ஐந்து வயது. உரல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

*

குறுந்தொகையின் 61ஆம் பாட்டு தும்பிசேர்கீரனார் பாடியது. தோழி ஒருத்தி சொல்லும் உவமை அதில் வருகிறது. தச்சன் செய்த சிறிய குதிரைவண்டியில் சிறுவர்களால் ஏறிச்செல்ல முடியாது. இருந்தாலும் கையால் இழுத்து இழுத்தே அவர்கள் இன்பம் அடைகிறார்கள். தலைவன் மீது கொண்ட நட்பைச் சொல்லவே அவள் இதைச் சொல்கிறாள். ஆனால் விளையாட்டுப் பொருளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. வண்டி ஓடவில்லை. ஓட்டம் முழுவதும் குழந்தையினுடையது. அதனால்தான் இன்பமும் குழந்தையினுடையதாகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இந்தச் சிறுதேரை இரண்டு இடங்களில் காட்டுகிறார். பட்டினப்பாலையில், உலரும் தானியத்தைக் கொத்தவரும் கோழியை விரட்ட வீட்டுப் பெண்கள் பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை தெருவில் கிடந்து, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்றுசக்கரத் தேருக்குத் தடையாகிறது. பொதுவாக இதைக் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்துக்குச் சான்றாகப் படிப்போம். குழந்தையின் பக்கமிருந்து படித்தால் அங்கே பொன் என்பது வழியில் கிடக்கும் ஓர் இடைஞ்சல். அவனுக்கு வேண்டியது தேர் போவதற்கான பாதை.

இன்னோரிடம் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட இளந்திரையனை நோக்கிப் பாணனை வழிப்படுத்தும் பாட்டு; நாங்கள் இருக்கும் இந்தத் தொண்டை நாட்டுக்குரியது. அதில் உழவர் வீட்டுக் குழந்தைகள் தேர் உருட்டி, நடந்த களைப்புத் தீரச் செவிலியிடம் பால் குடித்து உறங்குகிறார்கள். அந்தத் தேரைச் சொல்லுமிடத்தில் புலவர் ஒரு சொற்றொடரைச் சேர்க்கிறார்: அது தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேராம். தொழில்திறனைப் புகழும் வரி என்றே உரை சொல்லும். எனக்கு அந்தச் சிறுவர்கள் கண்ணில் படுகிறார்கள். அப்பன் செய்த தேர் வேறு வீட்டுக்குப் போவதை அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு மீண்டும் வருவேன்.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். ஆண்பாலுக்குரிய இறுதி மூன்றும் சிறுபறை, சிற்றில், சிறுதேர். தட்டுவதற்கு ஒன்று, கட்டுவதும் கலைப்பதுமாக ஒன்று, இழுத்துச் செல்ல ஒன்று. கைக்குழந்தை தலையை நிமிர்த்துவதிலிருந்து தேர் இழுப்பதுவரை வளர்ச்சியை இப்படி வரிசைப்படுத்திய இலக்கிய வகையை வைத்திருக்கும் நாம், குழந்தைக்கு எந்த வயதில் என்ன கொடுக்கலாம் என்பதற்குப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*

பெட்டியில் அச்சிட்ட 'கல்வி' என்ற சொல்லை எந்த அளவு நம்பலாம்? அமெரிக்காவில் 'பேபி ஐன்ஸ்டைன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான காணொளித் தட்டுகள் பெருவாரியாக விற்பனையாயின. 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரம் குடும்பங்களைத் தொலைபேசியில் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். 8 முதல் 16 மாதக் குழந்தைகள், நாளொன்றுக்கு இத்தகைய காணொளி பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பார்க்காத குழந்தைகளைவிட ஆறிலிருந்து எட்டுச் சொற்கள் குறைவாக அறிந்திருந்தன என்பது அதன் முடிவு. பிற்பாடு அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டவர்கள் அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றும் எழுதினர். ஆனால் அந்தத் தட்டுகளால் குழந்தை அறிவாளியாகும் என்று எவரும் நிறுவவில்லை. 2009இல் அதை விற்ற டிஸ்னி நிறுவனம் வேண்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

இன்னோர் ஆய்வு 2015 டிசம்பரில் வெளியானது. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு பெற்றோர் வீட்டில் விளையாடும்போது நிகழும் பேச்சைப் பதிவு செய்தார். பேசும் மின்னணுப் பொம்மைகள் ஒரு முறை, மரக்கட்டைகளும் வடிவப் புதிர்களும் ஒரு முறை, படப் புத்தகங்கள் ஒரு முறை. பொம்மை பேசியபோது பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். புத்தகம் கையில் இருந்தபோது மிகுதியாகப் பேசினார்கள். பங்கேற்றவை 26 குடும்பங்களே, சிறிய ஆய்வுதான். ஆனால் என் வீட்டில் நடந்ததும் அதுவே. அந்தப் பலகை பேசிக்கொண்டிருந்த வாரத்தில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அது என் வேலையை எடுத்துக்கொண்டது. நானும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டேன்.

எண்ணிக்கை பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2018இல் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 குழந்தைகளை ஒரு முறை நான்கு பொம்மைகளோடும், இன்னொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடின. விடுமுறைக்கு வரும் அத்தை, சித்தப்பா, மாமா எல்லோரும் ஆளுக்கொரு பெட்டி கொடுக்கும் வீடுகளில், பாதியை எடுத்துப் பரண்மேல் வைத்து இரண்டு மாதம் கழித்து இறக்கினால் குழந்தைக்கு அது புதுப்பரிசு. செலவில்லாத உபாயம்.

*

கல்விக்காகவே பொருள்களை உருவாக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்களுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய ஃப்ரோபெல், தம் விளையாட்டுப் பொருள்களுக்கு இட்ட பெயரே 'பரிசுகள்' என்பதுதான். முதற்பரிசு, கயிறு கட்டிய ஆறு வண்ணக் கம்பளி நூற்பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். கிண்டர்கார்டன் என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரின் பரிசுப் பெட்டியில் இருந்தது மரமும் நூலும்தான்.

மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கே வந்தார். அவர் நடத்திய பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். இத்தாலியர் என்பதால் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலிலும் இருந்தார். ரோமின் ஏழைக் குடியிருப்பொன்றில், பகலில் கவனிக்க ஆளில்லாத குழந்தைகளோடு தம் பணியைத் தொடங்கியவர் அவர். இன்று அவர் பெயரைத் தாங்கிய மரப்பெட்டிகள் எங்கள் சாலைக் கடைகளில் நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு விற்பதைப் பார்க்கும்போது, மரம் என்ற சொல்லும் பிளாஸ்டிக்கைப் போலவே ஒரு விற்பனைச் சொல்லாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. மரமா பிளாஸ்டிக்கா என்பது இரண்டாம் கேள்வி. பொருள் செய்கிறதா, குழந்தை செய்கிறதா என்பதே முதற்கேள்வி. இணைத்துக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள் இந்தத் தேர்வில் நன்றாகவே தேறும். தானாக ஓடும் மர ரயில் தேறாது.

*

இவ்வளவையும் ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, செப்பு நல்லதுதான். ஆனா எனக்குச் செப்பு வாங்கிக் குடுத்தீங்க. அண்ணனுக்கு என்ன வாங்கினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. துளையிட்ட இரும்புப் பட்டைகளைத் திருகாணியால் முடுக்கிப் பாலமும் கிரேனும் கட்டும் பெட்டி.

"அவன் தூங்கினதுக்கு அப்புறம் எடுத்து வெச்சு நான் கட்டுவேன். காலையில அவன் எழுந்திரிக்கிறதுக்குள்ள கழட்டி வெச்சிருவேன். நட்டு ஒண்ணு தொலைஞ்சா எனக்குத்தான் அடி."

எனக்கு அது இவ்வளவு காலம் தெரியாது. அடித்தது நான்தானா, அவள் அம்மாவா என்று கேட்கத் துணிவில்லை. அவள் கோபமாகச் சொல்லவில்லை. தோசையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பரிசுப் பெட்டி இப்படித் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பழைமையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். பிள்ளைத்தமிழிலும் பெண்பாலுக்குச் சிறுதேர் இல்லை. கழங்கு, அம்மானை, ஊசல் என்று வேறு வரிசை. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணலில் வீடு கட்டுவார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் காலால் அழிப்பான். அழிக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவது அழகாகப் பாடப்படும். அந்தப் பாடல்களை நான் ரசித்திருக்கிறேன், இனியும் ரசிப்பேன். ஆனால் கட்டியவளின் பக்கமிருந்து அவற்றை நான் ஒருநாளும் படித்ததில்லை என்று அன்றிரவு தோன்றியது.

ஆகவே என் கட்சியில் ஒரு திருத்தம். செப்பை ஆண்பிள்ளைக்குக் கொடுங்கள். திருகாணிப் பெட்டியைப் பெண்பிள்ளைக்குக் கொடுங்கள். சிறப்பு, இரண்டையும் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். என் பேரன் செப்பு வைத்து விளையாடுவதைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டுக்காரர், மறுவாரம் அவன் பரிமாறிய இட்லியை மறுக்க முடியாமல் சாப்பிட்டுப் போனார்.

*

இனி நடைமுறை. கேட்டவர்களுக்கு நான் சொல்வது இது.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பொருளின் முதல் தகுதி விழுங்க முடியாமை. எதுவும் வாய்க்குப் போகும். வட்டப் பித்தான் மின்கலம் போட்ட பொம்மைகளில் அந்த அறை திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடக்கூடியது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. சிறு காந்த உருண்டைகளும் ஆகாது. இரண்டு விழுங்கப்பட்டால் குடலில் ஒன்றையொன்று ஈர்த்துக் குடலையே துளைக்கும். வெடித்த பலூன் துண்டு மூச்சை அடைக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. எனவே கைவினைப் பொம்மை வாங்கும்போது வண்ணம் என்ன என்று நாமே விசாரிக்க வேண்டும். ஈயம் கலந்த வண்ணத்தால் 2007இல் மாட்டெல் போன்ற பெரிய நிறுவனமே தன் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

இந்த வயதுக்குப் பெரிய மரக்கட்டைகள், துணிப்பந்து, பனையோலைக் கிலுகிலுப்பை, கெட்டி அட்டைப் படப்புத்தகம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிவுரைப்படி ஒரு வயதுக்குள் திரையே கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது.

மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 'போலச் செய்தல்' உச்சத்தில் இருக்கும். செப்பு, துணிப் பொம்மை, களிமண், பெரிய தாள்கட்டும் கிரேயானும், சன்னபட்ணத்து அரக்கு வண்ணப் பம்பரம் ஆகியவற்றைச் சொல்வேன். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை கொடுத்தால், அது ஏன் சாய்ந்தாலும் எழுகிறது என்று கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டபின் அடியிலுள்ள கனத்தைத் தொட்டுக் காட்டினால் ஈர்ப்புமையம் பற்றிய முதற்பாடம் முடிந்தது.

ஐந்திலிருந்து எட்டுக்குப் பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம். கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டு ஆடத் தொடங்கினால் ஆட்டத்துக்கே ஒரு மிடுக்கு வரும். பல்லாங்குழியில் கூட்டலும் கழித்தலும் மட்டுமல்லாமல், அடுத்தவர் என்ன செய்வார் என்று யோசிப்பதும் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்தே அதை ஆடுவார்கள் என்பது அதன் மிகப்பெரிய கல்விப் பயன்.

விலையைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு அர்விந்த் குப்தாவைப் பரிந்துரைப்பேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் இணைந்து, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய புகழ்பெற்ற உபாயம் எளியது: சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, மருந்தைச் சுரண்டி நீக்கிய தீக்குச்சிகளை அவற்றில் செருகி இணைப்பது. மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். சதுரத்தை அழுத்தினால் சரிந்துபோகும். முக்கோணம் அசையாது. சிறுசேரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கும் கிரேன்களின் உடல் ஏன் முக்கோணங்களாலேயே ஆனது என்று குழந்தைக்குச் சன்னல் வழியாகவே காட்டலாம். நான் காட்டினேன். அன்றிலிருந்து அவன் கிரேன்களில் முக்கோணம் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

புத்தகம் பற்றி இந்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனினும் ஒன்று சொல்வேன். இந்தச் சாலையோரத்துக் குழந்தைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் புத்தகம் கொடுப்பது என்றால் படித்துக்காட்டும் ஆளையும் சேர்த்துக் கொடுப்பது. சென்னையிலிருந்து 1996 முதல் வெளியிட்டுவரும் தூலிகாவின் இருமொழிப் படநூல்கள், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' நூல்கள் ஆகியவற்றைத் தேடலாம். 1987இல் தொடங்கிய 'துளிர்' அறிவியல் இதழுக்குச் சந்தா கட்டினால், மாதந்தோறும் குழந்தையின் பெயருக்கு ஒரு தபால் வரும். தன் பெயரை உறையின்மேல் அச்சில் பார்ப்பதில் ஒரு குழந்தைக்கு உண்டாகும் பெருமிதம் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. பெரியவர்களுக்கு ஏதேனும் பரிசளிக்க வேண்டுமென்றால் கிஜூபாய் பதேக்காவின் 'பகல் கனவு'. 1930களில் எழுதப்பட்ட நூல். இன்றைய பள்ளிக்கூட வாசலில் நின்று எழுதியதுபோல் இருக்கும்.

பொருளே இல்லாத பரிசும் உண்டு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா. 1996 முதல் இயங்கும் அங்கே தென்னாட்டு வீடுகளுக்குள் நுழைந்து திண்ணையில் உட்காரலாம். தெற்கே திரும்பினால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. இன்னொரு பக்கம் வண்டலூர் உயிரியல் பூங்கா. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி. விடுமுறையில் ஒரு நாள், ஓர் இடம், செல்பேசி அணைக்கப்பட்ட ஒரு பெரியவர். இதற்கும் 500 ரூபாய் போதும்.

*

என் மகளின் இன்னொரு மறுப்பை மறைக்கக் கூடாது. "நீங்க வீட்ல இருக்கீங்க. உங்களுக்கு ஆட நேரம் இருக்கு. எட்டு மணிக்கு வர்ற எங்களுக்கு?" என்றாள். அவள் சொல்வது உண்மை. பேசும் பலகை விற்பனையாவது பெற்றோரின் அறியாமையால் அல்ல, களைப்பால். பெட்டியின்மேல் உள்ள 'கல்வி' என்ற சொல் குழந்தைக்காக எழுதப்பட்டதே அல்ல. வீட்டுக்கு வர நேரமாகிவிட்ட ஒருவரின் குற்றவுணர்வை ஆற்றுவதற்காக எழுதப்பட்டது. அந்தக் குற்றவுணர்வை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை; நானும் என் பிள்ளைகளின் காலத்தில் கிளை முடித்து எட்டு மணிக்கு வந்தவன்தான். ஆனால் இரவு இருபது நிமிடம் பல்லாங்குழி ஆடலாம். அவ்வளவே கேட்கிறேன். அவளும் வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறாள். பெரும்பாலும் தோற்கிறாள், வேண்டுமென்று தோற்பதில்லை.

தச்சர் வீட்டுச் சிறுவர்களுக்குத் திரும்புகிறேன். எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் புதிய கோபுரம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டுபவர்கள் தகரக் கொட்டகைகளில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். அவர்களின் குழந்தைகள் பரிசுச் சீட்டில் இல்லை. எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்: குவித்த மணலில் உடைந்த ஓட்டுத் துண்டுகளால் அவர்கள் வீடு கட்டுகிறார்கள், பைப் துண்டை உருட்டி வண்டி விடுகிறார்கள். அவர்களுக்குப் பொம்மை தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. வறுமையைக் கற்பனைத்திறனாகப் புகழ்வது எளிது, அருவருப்பானதும்கூட. என் பேரன் சன்னலில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, அவங்களுக்கு மணல் யார் குடுத்தா?" என்று கேட்டான். தன்னிடம் இல்லாத பரிசு ஒன்று அவர்களிடம் இருப்பதாக அவன் நினைத்துவிட்டான். தெற்கே எங்கள் பக்கத்தில் தை மாதம் பிள்ளைகள் மண்ணால் சிறுவீடு கட்டிப் பொங்கலிடுவார்கள். இங்கே பளிங்குக்கல் பாவிய முற்றத்தில் அவனுக்கு ஒரு பிடி மண் இல்லை.

சூத்ரகரின் நாடகத்தில் சாருதத்தனின் மகன், பண்டிதமணி கதிரேசனார் தமிழாக்கிய 'மண்ணியற் சிறுதேரில்' வருகிறவன், பக்கத்து வீட்டுப் பொன்தேரைப் பார்த்துவிட்டுத் தன் மண்தேர் வேண்டாம் என்று அழுவான். இங்கே பொன்தேர் வைத்திருக்கும் பையன் மண்ணுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறான். சன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் இங்கே இருப்பதற்கு ஏங்குகிறார்கள். நடுவில் ஒரு சுற்றுச்சுவர்.

சங்கக் கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் சீட்டில் சேர்க்கலாமே என்று கேட்டேன். பாதுகாப்பு, காப்பீடு என்று ஏதேதோ சொன்னார்கள். இறுதியில், பரிசு தனியாகக் கொடுத்துவிடலாம், பரிமாற்றத்தில் வேண்டாம் என்று முடிவாயிற்று. எனக்கு அது உடன்பாடில்லை. கொடுப்பது மட்டும் நம் உரிமை, பெறுவது மட்டும் அவர்கள் பங்கு என்றாகிவிட்டால் அது பரிசில்லை. அடுத்த ஆண்டு மறுபடி கேட்பேன்.

சீட்டில் எனக்கு வந்த பெயர் மூன்றாம் மாடியில் இருக்கும் ஏழு வயதுச் சிறுமியினுடையது. ஒரு முழம் வால்வு ட்யூப், மருந்து நீக்கிய தீக்குச்சிகள் இரண்டு பெட்டி, ஒரு கெட்டி அட்டை நோட்டு. மொத்தம் 90 ரூபாய் ஆயிற்று. கூடவே ஒரு தாள் எழுதி வைத்தேன்: இது தானாக எதுவும் செய்யாது. சேர்ந்து செய்ய ஆள் வேண்டுமென்றால், மாலை ஐந்திலிருந்து ஆறுவரை கீழே வேப்பமரத்தடிப் பெஞ்சில் ஒரு தாத்தா இருப்பார்.

மறுநாள் அவள் வந்தாள், தம்பியையும் அழைத்துக்கொண்டு. உட்காருமுன் பெட்டியைத் திறந்து காட்டிக் கேட்டாள், "தாத்தா, இதுல கிரேன் பண்ண எத்தனை முக்கோணம் வேணும்?"

தெரியவில்லை என்றேன். எண்ணிப் பார்க்க இருவரும் அண்ணாந்தோம்.